சந்தனத்துக்குச் சொன்னது ஜவ்வாதுக்கு

எங்க ஊரு சேணப்பேட்டைக்கு யாரு வந்தாலும் முதல்ல காதுல விழுறது குதிரைப் பேச்சுதான். எங்க பாட்டனுக்குப் பாட்டன் எல்லாம் குதிரை மேலயே பொறந்து, குதிரை மேலயே சோறு தின்னு, குதிரை மேலயே தூங்குனவங்களாம், ராவுத்தர்னாலே குதிரைக்காரன்னுதான் அர்த்தமாம். இப்படி டீக்கடை பெஞ்சுல உக்காந்து தாடியைத் தடவிக்கிட்டுச் சொல்ற ஆளு, சொல்லி முடிச்சதும் எந்திரிச்சுப் போயி மொபெட்டை உதைச்சு உதைச்சுப் பாத்துட்டு, கிளம்பலைன்னா தள்ளிக்கிட்டே வீடு போய்ச் சேருவாரு.

அவங்க எல்லாரும் குதிரை ஏறுறது ஆயுசுக்கு ஒரே ஒரு நாளு, கல்யாணத்தன்னிக்கு. மாப்பிள்ளை வீட்டுலருந்து பள்ளிவாசல் வரைக்கும் குதிரையிலதான் வரணும். அந்தக் குதிரையைத் தாய்மாமன்தான் கொண்டாரணும், ஒரு மாமன் முன்னால கயித்தைப் பிடிக்கணும், இன்னொரு மாமன் பக்கத்துல நடந்து மாப்பிள்ளை கால் வைக்கிற அங்கவடியைப் பிடிக்கணும். ஒத்தை மாமன் உள்ள வீடுன்னா இன்னொரு மாமனை வாடகைக்கு எடுத்துக்கலாம், அதுல குத்தமில்லை. பந்தல் போடுற காதர் பாய் அதுக்குன்னே ஒரு ஜரிகைத் தொப்பி வச்சிருக்காரு, ஊருல பாதிப் பேருக்கு அவருதான் மாமன். ஆனா ரெண்டு மாமனும் கல்லு மாதிரி உயிரோட இருக்கையில காதர் பாயைக் கூப்பிட்ட வீடு எங்க ஊருல கிடையாது. அந்தப் பெருமை என் வீட்டுக்கு வரப் பாத்துச்சு. அதைத்தான் சொல்ல வந்தேன்.

நான் ஜெய்னம்பு. எனக்கு மூத்தவரு பீர் அண்ணன், எனக்கு இளையவன் சிக்கந்தர். வாயில குதிரை ஓட்டுற ஊருல நெசமாவே குதிரை வச்சிருந்தது எங்க வீடு ஒண்ணுதான். ராணின்னு ஒரு மட்டக்குதிரை, ஊருக் கல்யாணம் பூரா அது முதுகுலதான் நடந்துச்சு. அண்ணன் சேணம் கட்டுவாரு, தம்பி அந்த வீட்டு மாமனுக்குத் துணையாக் கயித்தைப் பிடிப்பான். அப்படி ஒரு கல்யாணத்துல, கொஞ்சம் தாட்டியான மாப்பிள்ளை, பள்ளிவாசல் முக்குல குதிரை மிரளவும் சேணத்தோட சரிஞ்சு சாக்கடைக்குள்ள போயிட்டாரு. எந்திரிச்சாரு, குளிச்சாரு, நிக்காஹ் முடிஞ்சுச்சு, இப்ப மூணு புள்ளைக்குத் தகப்பன், அவரு அதை மறந்தே போயிட்டாரு. மறக்காதது எங்க வீட்டு ரெண்டு பேருதான். நீ கயித்தை விட்டேன்னு அண்ணன், நீங்க வாரை இறுக்கலைன்னு தம்பி. அந்தப் பேச்சு ஒரு வாரம், ஒரு மாசம்னு வளந்து, பேச்சு நின்னதும் சுவரு வளர ஆரம்பிச்சு, வீட்டுக்கு நடுவுல போயி, முற்றத்துக்கு நடுவுல போயி, கடைசியில குதிரை லாயத்துக்கு நடுவுலயும் போயிருச்சு.

அப்ப ராணி நிறைமாசம். குதிரை ரெட்டை போடாது, போட்டாலும் ரெண்டும் தங்காதுன்னு மாட்டாஸ்பத்திரி டாக்டரு சொல்லுவாரு. ராணி அந்தச் சுவத்தைப் பாத்துச்சோ என்னமோ, ஆளுக்கொண்ணா ரெண்டு போட்டுச்சு, ரெண்டும் தங்குச்சு. ஒண்ணு வெளிர் நிறம், ஒண்ணு கரும்பழுப்பு. நான்தான் பேரு வச்சேன், சந்தனம், ஜவ்வாதுன்னு. பால் மறந்த கொஞ்ச நாள்ல ராணி கண்ணை மூடிருச்சு. சந்தனம் அண்ணன் பக்கம் போச்சு, ஜவ்வாது தம்பி பக்கம் போச்சு.

ரெண்டு குட்டியை ஒண்ணா வளக்குறவனுக்குத்தான் தெரியும் அந்தப் பாடு. இது கனைச்சா அது கனைக்கும், அது படுத்தா இது படுக்கும். இங்க கொள்ளு வைக்கிற நேரத்துல அங்கயும் வச்சாத்தான் ரெண்டும் வாயை வைக்கும், இல்லேன்னா ரெண்டும் சுவத்தைப் பாத்து நிக்கும். பேசிக்கிற பழக்கம் இல்லாததால அண்ணன் வாளியை ரெண்டு தட்டு தட்டுவாரு, அந்தப் பக்கம் அதுக்குன்னே காத்திருந்த மாதிரி தம்பி கொள்ளைக் கொட்டுவான். கேட்டா, அவரு எப்பத் தட்டுறாருன்னு எனக்கென்ன தெரியும்னு சொல்லுவான்.

குட்டிங்களுக்கு முதுகு கெட்டிப்பட்ட சமயத்துல என் மகன் இல்யாஸுக்குக் கல்யாணம் முடிவாச்சு. திருப்பூருல பனியன் கம்பெனியில இருக்கான், நல்ல புள்ள, ஆனா மாடிப்படி இறங்குறதுக்கே கைப்பிடியைப் பிடிச்சுக்கிறவன். பொண்ணுக்கு ஊரு கம்பம். என் வீட்டுக்காரரு மவுத்தாகி வருஷமாச்சு, இவனை ஒத்தையில வளத்தேன். எனக்கு ஊரு மெச்ச விருந்து வேணாம், நகை வேணாம். என் புள்ள குதிரையில வர்றப்ப அந்தப் பக்கம் ஒரு மாமன், இந்தப் பக்கம் ஒரு மாமன் வரணும், தகப்பன் இல்லாத குறை அன்னிக்கு ஒரு நாளு தெரியக் கூடாது. இதை ரெண்டு வீட்டுலயும் போயிச் சொன்னேன். என் குதிரையிலதான் வரணும், அவன் வந்தா நான் வரமாட்டேன்னு அண்ணன் சொன்னாரு. தம்பியும் அதையே சொன்னான், ஒரு சொல்லுகூட மாத்தலை. ரெண்டு பேரும் அன்னிக்கே குட்டிங்களைப் பழக்க ஆரம்பிச்சுட்டாங்க.

அண்ணன் சந்தனத்தை நீளக் கயித்துல விட்டு வட்டமா ஓடப் பழக்குனாரு. அது அவரைப் பாத்துக்கிட்டே கம்பம் மாதிரி நின்னுச்சு. தொண்டை கட்டுற வரைக்கும் கத்திப் பாத்தாரு, அசையலை. நான் அந்தப் பக்கம் போனா, ஜவ்வாது யாரும் சொல்லாமலே, கயிறு கூட இல்லாம, முற்றத்துல அழகா வட்டம் போட்டுக்கிட்டு இருந்துச்சு, சிக்கந்தர் தலையில கை வச்சு உக்காந்திருந்தான். அவன் பாட்டுக்கு ஜவ்வாது முதுகுல மணல் மூட்டை போட்டுப் பழக்கிக்கிட்டு இருந்தான். அது ஒவ்வொரு தடவையும் மூட்டையை உதறித் தள்ளுச்சு. இந்தப் பக்கம் வந்தா சந்தனம் முதுகுல என்னத்தைப் போட்டாலும் அசையாம நின்னுச்சு, என் அண்ணி துவைச்ச துணியை அதும்மேல காயப் போட்டிருந்தாங்க.

விஷயம் இவ்வளவுதான். சந்தனத்துக்குக் கத்துக்குடுத்தா ஜவ்வாதுக்கு வரும், ஜவ்வாதுக்குக் கத்துக்குடுத்தா சந்தனத்துக்கு வரும். கத்துக்குடுத்த குதிரைக்கு ஒண்ணும் வராது.

ஊருல இதை யாரும் பெரிசா எடுத்துக்கலை. எலக்ட்ரீஷியன் ரபீக் வந்து ரெண்டு குதிரையையும் சுத்திப் பாத்துட்டு, ஒயரு மாறிப் போயிருக்கு, எங்க மாமியா வீட்டுல ஃபேன் சுவிட்சைப் போட்டா அடுப்படியில லைட் எரியும், இருபது வருஷமா அப்படித்தான் புழங்குறாங்கன்னு சொல்லிட்டு டீ குடிச்சுட்டுப் போனான். பள்ளிவாசல் ஹஜ்ரத் கிட்டக் கேட்டதுக்கு, அவரு ரொம்ப நேரம் யோசிச்சு, நானும் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுல முன் வரிசைக்குத்தான் சொல்றேன், செருப்பு விடுற இடத்துல நிக்கிறவன்தான் திருந்துறான்னு சொன்னாரு. ட்யூஷன் வாத்தியாரு தன் கிட்டப் படிக்கிற புள்ளைக ஏன் ஃபெயிலாகுதுங்கிறதுக்குக் கடைசியில ஒரு காரணம் கிடைச்ச சந்தோஷத்துல பெத்தவங்களை எல்லாம் கூப்பிட்டு, உங்க புள்ளைக்கு நான் சொல்லிக்குடுத்தது எந்த ஊருப் புள்ளைக்குப் போயிருக்கோன்னு வருத்தப்பட்டாரு. ஜமாஅத்துல கூட்டம் போட்டாங்க, போட்டு, பாடம் எடுக்கிறப்ப ரெண்டு வீடும் சத்தத்தைக் கொஞ்சம் குறைச்சுக்கணும், மத்தியானம் வயசானவங்க தூங்குறாங்கன்னு தீர்மானம் போட்டுக் கலைஞ்சுட்டாங்க.

எனக்கு மட்டும் உள்ளுக்குள்ள அப்படி ஒரு சந்தோஷம். இனி என்ன, அண்ணன் குதிரை நல்லாருக்கணும்னா தம்பி ஒழுங்காச் சொல்லிக்குடுக்கணும், தம்பி குதிரை நல்லாருக்கணும்னா அண்ணன் ஒழுங்காச் சொல்லிக்குடுக்கணும், வேற வழியே இல்லை, அல்லா பாத்துப் போட்ட முடிச்சுன்னு நெனச்சேன். என் புத்தியைச் செருப்பால அடிக்கணும். கூடப் பொறந்ததுகளைப் பத்தி நாப்பது வருஷத்துக்கு மேல ஒண்ணும் தெரிஞ்சுக்காமலே இருந்திருக்கேன்.

ரெண்டு பேரும் தன் தன் குதிரைக்குத் திருட்டுத்தனம் சொல்லிக்குடுக்க ஆரம்பிச்சாங்க.

பேண்டு வாத்தியம் கேட்டா நடுத்தெருவுல உக்காரணும்னு அண்ணன் சந்தனத்துக்குப் பாடம் எடுத்தாரு, அது ஜவ்வாதுக்குப் போச்சு. பேண்டு வாத்தியம் கேட்டா திரும்பாம பின்பக்கமாவே நடக்கணும்னு தம்பி ஜவ்வாதுக்குப் பாடம் எடுத்தான், அது சந்தனத்துக்குப் போச்சு. மாலை போட்டவன் கழுத்தைக் கண்டா பூவைத் திங்கணும்னு தம்பி சொல்லிக்குடுத்தான், தொப்பி வச்ச தலையைக் கண்டா தட்டி விடணும்னு அண்ணன் சொல்லிக்குடுத்தாரு. ரெண்டு பேரும் செல்போனுல பேண்டுச் சத்தத்தைப் போட்டுக்கிட்டு, காலையில பாடம், சாயங்காலம் பாடம், என் மகன் கல்யாணத்தை எப்படி எல்லாம் நாசமாக்கலாம்னு உக்காந்து யோசிச்சு யோசிச்சுப் பாடம் எடுத்தாங்க. அதுல ஒண்ணு கவனிக்கணும். குதிரைக்கு உக்காரச் சொல்லிக்குடுக்கணும்னா வாயில சொன்னாப் பத்தாது, முன்னால நின்னு உக்காந்து காட்டணும். அண்ணன் காட்டிக் காட்டி, அவருக்கே அது பழகிருச்சு. எதிர்த் தெருக் கல்யாணத்துல கிளாரினெட்டு லேசா ஊதுனதுமே பெரிய மனுஷன் வெள்ளை வேட்டியோட பொத்துன்னு ரோட்டுல உக்காந்துட்டாரு. மயக்கம்னு நெனச்சு சோடா வாங்கிக் குடுத்தாங்க. தம்பி கதை இன்னும் மோசம், வாய்க்கு எட்டுற தூரத்துல பூவைக் கண்டா அவனால சும்மா இருக்க முடியலை.

நான் ரெண்டு வீட்டு வாசல்லயும் நின்னு அழுதேன். அழுதா கேக்குற ஜென்மங்களா. கடைசியில, குதிரையும் வேணாம், குட்டியும் வேணாம், என் மகன் காருல வருவான்னு சொல்லிட்டேன். அதுக்குத்தான் ஊரு கொதிச்சுச்சு. குதிரை மூத்திரத்தைக்கூட மிதிக்காத ஆம்பளைங்க எல்லாம் வந்து, ராவுத்தர் மானம் என்னாகுறதுன்னு என்கிட்டக் கேட்டாங்க. அவங்களே ரெண்டு பேரையும் மிரட்டிச் சீட்டுக் குலுக்கிப் போட வச்சாங்க. சந்தனம் பேரு விழுந்துச்சு. அப்ப அண்ணன் கயித்தைப் பிடிப்பாரு, தம்பி வரமாட்டான். அங்கவடிக்குக் காதர் பாய். அவரு அன்னிக்கே தொப்பியைத் தொவைச்சுக் காயப் போட்டுட்டாரு. அதைப் பாத்ததுலருந்து எனக்குச் சோறு இறங்கலை. ரெண்டு மாமனை வச்சுக்கிட்டு ஒருத்தனை வாடகைக்கு எடுத்தவன்னு என் மகன் காலத்துக்கும் பேரு சுமக்கணும்.

கல்யாணத்தன்னிக்குக் காலையில கம்பத்துலருந்து பொண்ணு வீட்டு ஆம்பளைங்க ஒரு பஸ்ஸு வந்து இறங்குனாங்க. இல்யாஸை மாலையோட சந்தனத்து மேல ஏத்தி வச்சோம். ஏறுனதும் கண்ணை மூடுனவன்தான், கலிமாவைச் சொல்லிக்கிட்டே சேணத்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டான். பேண்டுக்காரங்க ஊத ஆரம்பிச்சாங்க.

ஊதுனதும் அண்ணன் முழங்கால் மடங்கிருச்சு. கயித்தை விட்டுட்டு ரோட்டுல உக்காந்துட்டாரு. சந்தனம் கயிறு தொங்கப் பின்பக்கமா நடக்க ஆரம்பிச்சுச்சு. திரும்பலை, ஓடலை, மிரளலை. நல்லாப் படிச்ச புள்ள மாதிரி, கழுத்தை வளைச்சு இல்யாஸ் மாலையில ஒவ்வொரு பூவாத் தின்னுக்கிட்டே, பள்ளிவாசலுக்கு முதுகு காட்டாம, ஒவ்வொரு அடியா எட்டி எட்டிப் போச்சு. காதர் பாய் அங்கவடியை விடாம அதுகூடவே பின்னால நடந்தாரு, தொழில்காரரு. கம்பத்துக்காரங்க ஒருத்தரை ஒருத்தரு பாத்தாங்க. இந்த ஊரு வழக்கம் போலன்னு பெரியவரு ஒருத்தரு மெதுவாச் சொன்னாரு. சொல்லிட்டு அவரும் பின்பக்கமாவே நடக்க ஆரம்பிச்சாரு. மரியாதை தெரிஞ்ச குடும்பம். பஸ்ஸுல வந்த அத்தனை பேரும், தட்டு தூக்கினவங்க உட்பட, பின்பக்கமாவே நடந்தாங்க. பேண்டுக்காரங்க மட்டும் எந்தப் பக்கம் போறதுன்னு தெரியாம நின்ன இடத்துலயே ஊதினாங்க, அதைக் கேட்டுக் குதிரை இன்னும் பின்னால போச்சு. அப்படியே போயி, சிக்கந்தர் வீட்டு வாசல்ல முட்டி நின்னுச்சு.

நான் உள்ள ஓடுனேன். சிக்கந்தர் கட்டில்ல உக்காந்திருந்தான். புதுச் சட்டை, புது வேட்டி, அத்தர் வாசம், தலையில தொப்பி. வரமாட்டேன்னு சொன்னவன் விடியக்காலமே குளிச்சு உடுத்திட்டு, யாராச்சும் கூப்பிடுவாங்களான்னு உக்காந்திருந்திருக்கான். எனக்குக் கோவமும் வந்துச்சு, அழுகையும் வந்துச்சு. முற்றத்துல ஜவ்வாது பேண்டுச் சத்தத்தைக் கேட்டுட்டு நாய்க்குட்டி மாதிரி உக்காந்திருந்துச்சு.

"ஒன் குதிரைக்கு முன்னால நடக்கச் சொல்லிக்குடு"ன்னேன்.

"சொல்லிக்குடுத்தா அவரு குதிரைதான நடக்கும்."

"ஆமாடா. அவரு குதிரை மேலதான் என் புள்ள இருக்கான். கண்ணைத் திறக்காம இருக்கான், அவங்க அத்தா இருந்திருந்தா நான் ஒன் வாசல்ல நிக்கமாட்டேன்."

அவன் தொப்பியைக் கழட்டி மடியில செருகிக்கிட்டு எந்திரிச்சான், ஜவ்வாது கிட்டப் போயிக் கயித்தைப் பிடிச்சு இழுத்தான். அது எந்திரிக்கலை. எப்படி எந்திரிக்கும், உக்காரச் சொல்லிக்குடுத்தது அண்ணன், எந்திரிக்கச் சொல்லிக்குடுக்கணும்னாலும் அண்ணன்தான் சந்தனத்துக்குச் சொல்லணும். நான் வாசலுக்கு ஓடுனேன். அண்ணன் எந்திரிச்சு ஓடியாந்து அங்கதான் தூசி அப்புன வேட்டியோட, தொங்குன கயித்தைக் கையில எடுத்துப் பாத்துக்கிட்டு நின்னாரு. அந்த மூஞ்சியை நான் எங்க அத்தா மவுத்தன்னிக்குத்தான் பாத்தேன். கயித்தை விட்ட கை, இப்ப அவரு கைதான.

சொன்னேன். கேட்டாரு. பேண்டுக்காரங்களைக் கிட்டக் கூப்பிட்டு ஊதச் சொல்லிட்டு, மடங்கி மடங்கிப் போன முழங்காலைக் கையால அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு, சந்தனத்துக்கு முன்னால நிமிந்து நின்னு காட்டினாரு. ஒரு தடவை உக்காந்துட்டாரு, மறுபடி நின்னாரு. ஊரே பாக்குது, பொண்ணு வீடு பாக்குது, பெரிய மனுஷன் குதிரைக்கு முன்னால எந்திரிச்சு எந்திரிச்சு நிக்கிறாரு. உள்ள ஜவ்வாது எந்திரிச்சுச்சு. சிக்கந்தர் அதை வாசலுக்குக் கூட்டியாந்து, அதே பேண்டுச் சத்தத்துல ஒரு அடி முன்னால வச்சுக் காட்டினான். சந்தனம் ஒரு அடி முன்னால வச்சுச்சு. இல்யாஸ் கண்ணைத் திறக்காமலே, கிளம்பிட்டோமான்னு கேட்டான்.

ரெண்டு குதிரையும் பக்கத்துல பக்கத்துல நின்னுச்சு, ரெண்டு பேரும் ஒருத்தன் மூஞ்சியை ஒருத்தன் பாக்கலை. நான் நடுவுல நின்னதால கேட்டுச்சு. அண்ணன் சந்தனத்தோட காதைப் பிடிச்சு, அதுக்குப் பாடம் எடுக்கிற மாதிரியே, மெதுவாச் சொன்னாரு.

"கேட்டுக்க. அன்னிக்கு வாரை நான் இறுக்கலை. அந்தாளு தாட்டியா இருக்காரே, இன்னும் ஒரு துளை இழுக்கணும்னு தெரியும், சோம்பல்பட்டு விட்டுட்டேன். கயிறு யாரு கையை விட்டும் போகும்."

சொன்னது சந்தனத்துக்கு. தலையைத் தூக்கிக் காதை விடைச்சது ஜவ்வாது. அது மூஞ்சியைத் திருப்பி சிக்கந்தர் நெஞ்சுல வச்சு ஒரு தள்ளு தள்ளுச்சு, அவன் அது கழுத்தைக் கட்டிக்கிட்டு ரொம்ப நேரம் நின்னான். அப்புறம் அவனும் அது காதுல என்னமோ சொன்னான். கயித்தை விட்டது நான்தான், வேடிக்கை பாத்துட்டு விட்டேங்கிறது மட்டும் எனக்குக் கேட்டுச்சு. சந்தனம் அண்ணனோட கையை நக்குச்சு.

சிக்கந்தர் ஜவ்வாதைக் காதர் பாய் கையில குடுத்துட்டு, அங்கவடியை வாங்கிக்கிட்டான். காதர் பாய் தொப்பியைச் சரி பண்ணிக்கிட்டு, எனக்குச் சொன்னபடி பிரியாணி உண்டுலன்னு மட்டும் கேட்டுக்கிட்டாரு. என் மகன் மொட்டைக் காம்பு மாலையோட, முன்னால பெரிய மாமன், பக்கத்துல சின்ன மாமன், பின்னால ஆளில்லாத ஒரு குதிரைன்னு பள்ளிவாசலுக்குப் போனான். வாசல்ல ரெண்டு பேரும் ஆளுக்கொரு கையைக் குடுத்து இறக்கி விட்டாங்க. அப்பத்தான் அவன் கண்ணைத் திறந்தான், அந்தப் பக்கம் பாத்தான், இந்தப் பக்கம் பாத்தான், என்னைத் தேடிப் பாத்துச் சிரிச்சான். நான் முந்தானையை வாயில வச்சுக்கிட்டேன்.

கம்பத்துக்காரங்க ஊருக்குப் போயி, சேணப்பேட்டையில மாப்பிள்ளையை முதல்ல பின்னால கூட்டிப் போயி, வருத்தமா இருக்கிற சொந்தக்காரன் வாசல்ல நிறுத்தி, அவனையும் கூட்டிக்கிட்டுத்தான் பள்ளிவாசலுக்குப் போவாங்க, பழைய வழக்கமாம்னு சொல்லியிருக்காங்க. எங்க ஊருக்காரங்களும் அதைக் கேட்டுட்டு, ஆமா, எங்க பாட்டனுக்குப் பாட்டன் காலத்துலருந்தே அப்படித்தான்னு டீக்கடையில சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க. அதுக்கப்புறம் நடந்த கல்யாணம் எல்லாம் அப்படித்தான் நடக்குது.

சுவரு இன்னும் இருக்கு. இடிச்சா கூரை இறங்கிடும்னு ரெண்டு பேரும் சொல்றாங்க, பொய். நேருக்கு நேரு பேசிக்கிறதும் இல்லை. எதுன்னாலும் தன் குதிரை காதுல சொல்லுவாங்க. நேத்து சிக்கந்தருக்குக் காய்ச்சல், சாப்பிடாமப் படுத்திருந்தான். அண்ணன் இந்தப் பக்கம் சந்தனத்துக் காதுல முணுமுணுன்னு ஏதோ சொன்னாரு. அந்தப் பக்கம் ஜவ்வாது லாயத்தை விட்டு வந்து, அடுப்படிக்குள்ள தலையை விட்டு, கஞ்சிச் சட்டியைப் பல்லால கவ்விக் கட்டில் கிட்டக் கொண்டு போயி வச்சுட்டு, அவன் குடிக்கிற வரைக்கும் நகராம நின்னுச்சு. அண்ணன் சந்தோஷத்துல ரெண்டு குதிரைக்கும் கூடுதலா ஒரு படி கொள்ளு வச்சாரு. இத்தனை வருஷமா ரெண்டு வீட்டுக்கும் நடையா நடந்து அந்த வேலையைப் பாத்தது நானு, எனக்கு ஒருத்தரும் ஒரு பிடி கொள்ளு வச்சதில்லை.